சவுக்கு முடக்கில் அத்தையின் பிக்கப்

நம் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்கு வண்டி என்றால் சாவியைத் திருப்பியதும் ஓடுகிற ஒன்று. சோக்கை இழுத்து, "வா ராசா, வா" என்று கெஞ்சி, அதற்கும் மசியாவிட்டால் முன்னால் இரும்புக் கம்பியைச் சொருகிச் சுற்றிக் கிளப்பிய வண்டிகளை நமக்குத்தான் தெரியும். பக்கத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து தள்ளிவிடுவார்கள். வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியதும், ஏதோ தாங்களே அதைப் பெற்றெடுத்ததுபோல் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் பெருமையடிக்கிற கதை. வயதாகிவிட்டது. இனிமேல் அடக்கத்தைச் சேர்த்து வைத்து என்ன செய்யப்போகிறேன்?

எங்கள் தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே. அதிலும் நாங்கள் மேல் டிவிசன். ஃபெக்டரி, ஆபீஸ், பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் கீழே இருந்தன. எங்களுக்கு மேலே இருந்ததெல்லாம் தேயிலையும் மேகமும்தான். அப்பா தோட்டத்து லொறி ஓட்டினார். தோட்டத்து மேலாளரான துரை வைத்திருந்த பழைய பெற்றோல் பிக்கப்பைக் கழித்துவிட்டு ஏலத்துக்கு விட்டபோது அப்பாவும் அத்தையும் சேர்ந்து அதை எடுத்தார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு தீபாவளி முடிவதற்குள் ஒரு துணிப்பையோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் மரியாதையாகக் கேட்கவுமில்லை. "வாழத் தெரியாதவ" என்று லயத்தில் ஒரு பேர் வைத்துவிட்டார்கள். கழுத்திலும் கையிலும் இருந்ததைக் கழற்றி வண்டிக்குப் போட்டபோது "பைத்தியக்காரி" என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா பகல் முழுக்க லொறியில். பிக்கப்புக்கு ஒரு டிரைவர் வேண்டும். அத்தை பதுளைக்குப் போய் லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்திலேயே சேலை கட்டிக்கொண்டு ஸ்டீயரிங் பிடித்த முதல் ஆள் அவள்தான் என்று நான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

வண்டி ஒருகாலத்தில் பச்சை. வெயிலிலும் மழையிலும் வெளுத்து, கல்லில் பிடித்த காய்ந்த பாசி நிறத்துக்கு வந்திருந்தது. கதவைத் திறந்தால் பெற்றோல், வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ், ஈரச்சாக்கு மூன்றும் கலந்த ஒரு வாசம் வரும். சீற்றில் ஒரு ஸ்பிரிங் வெளியே வந்து, உட்காருகிறவர்களின் பாவாடையைப் பிடித்துக்கொள்ளும். டாஷ்போர்டில் இருந்த பொந்துக்கு மூடி இல்லை. அதற்குள், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுத்துச் செத்துப்போன பிளக்குகளை நான் சேர்த்து வைத்திருந்தேன். வெள்ளைப் பீங்கான் உடம்பும் இரும்புப் பாவாடையுமாக அவை எனக்குப் பொம்மைகள். எனக்கு அப்போது பத்து வயது.

முகட்டுக்கு மேலே இருந்த சிங்களக் கிராமங்களில் மரக்கறி ஏற்றிப் பதுளைச் சந்தைக்குக் கொண்டுபோவதுதான் வண்டியின் வேலை. முகட்டுக்குப் போகிற பழைய ரோட்டில் ஒரு முடக்கு உண்டு. இரண்டு பக்கமும் சவுக்கு மரங்கள் நிற்பதால் சவுக்கு முடக்கு. ஏற்றமும் அதுதான், வளைவும் அதுதான், பள்ளமும் அதற்குப் பக்கத்தில்தான். வெறும் வண்டியே அங்கே முக்கும். பாரம் ஏற்றினால் பாதியில் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்ளும்.

"வண்டிக்கு மூச்சு முட்டுது," என்றார் அப்பா. "வாயத் தொறந்து விட்டா சிட்டாப் பறக்கும்."

கொழும்பில் லொறிக்காரர் ஒருவர், ரேஸ் வண்டிகளுக்கு இப்படித்தான் செய்வார்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பா அங்கிருந்து சிவப்புப் பெட்டியில் ரேஸ் பிளக்குகளும், பளபளவென்று ஒரு பித்தளைப் புனலும் வாங்கி வந்தார். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டுவதற்கு, அடியில் எண்ணெய் ஊற்றி வைக்கிற ஒரு கறுப்புச் சட்டி இருந்தது. ஏர் கிளீனர். அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, காபரேட்டரின் வாயில் புனலை மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மைதானத்தில் வெள்ளோட்டம். டிவிசனே கூடிவிட்டது. பொனட்டைத் திறந்து வைத்து அப்பா அக்ஸிலேட்டரை அழுத்தினார். அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல! ஒரு பெரிய மிருகம் "ஹோ" என்று வாய் திறந்து மூச்சு இழுப்பதுபோல் இருந்தது. கீழ் டிவிசன் நாய்கள் எல்லாம் குரைத்தன. பையன்கள் குதித்தார்கள். எனக்கும் உடம்பெல்லாம் புல்லரித்தது. சத்தத்தையே பலம் என்று நினைத்துக்கொண்ட நாள் அது.

அத்தை மட்டும் குனிந்து எஞ்சினைப் பார்த்தாள். அவள் முந்தானையின் நுனியைப் புனல் லபக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது.

அத்தை சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அண்ணே, துணி சுடுது. எஞ்சினு மேல உள்ள சூட்டுக் காத்தத்தான் இது குடிக்குது. மண்ணும் சேந்து போகுது, இங்க பாரு."

"சும்மா இரு புள்ள. எல்லாரும் பாக்குறாங்க," என்றார் அப்பா.

அப்பாவின் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த வயதில் அவரை நன்றாகவே புரிகிறது. துரை பங்களாவைத் தாண்டும்போது சத்தம் வரக்கூடாது என்று வருசக்கணக்காக லொறியை அடக்கி அடக்கி ஓட்டிய மனுசன் அவர். சொந்தமாக ஒரு வண்டி வந்ததும், அது மூன்று டிவிசனுக்குக் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அதில் என்ன தப்பு?

ஆனால் வண்டிக்கு ஆசை தெரியாதே. அடுத்த வாரம் பதுளைச் சந்தை முடிந்து, முகட்டுக் கிராமங்களுக்குக் கொடுக்கவேண்டிய வெறும் சாக்குகளையும் விதைக் கிழங்கையும் ஏற்றிக்கொண்டு சவுக்கு முடக்கில் ஏறினோம். நானும் அத்தையும் மட்டும். தூறல். வளைவு தொடங்குகிற இடத்தில் எஞ்சின் நொண்டத் தொடங்கியது. மூன்று காலில் ஓடுகிற நாய்போல ஒரு தட்டு விட்டு விட்டு அடித்தது. பிறகு இரண்டு காலாயிற்று. பிறகு ஒன்றுமில்லை.

வண்டி பின்னால் போகத் தொடங்கியது. பிரேக் நனைந்திருந்தது. பிடிக்கவில்லை. என் பக்கத்து ஜன்னலில் தேயிலை மலை இல்லை, வெறும் வெள்ளை மேகம்தான் தெரிந்தது. அத்தை ஸ்டீயரிங்கை முழுக்க வெட்டி, வண்டியின் பின்பக்கத்தை மலைப் பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய் முட்டவைத்தாள். சாக்குகள் உருண்டன. என் உதடு டாஷ்போர்டில் பட்டுக் கிழிந்தது.

பிறகு அவள் இறங்கி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக்குகளைக் கழற்றினாள். எல்லாமே அடுப்புக்கரி மாதிரி இருந்தன. அவற்றைப் பெற்றோலில் கழுவி, கம்பித் தூரிகையால் சுரண்டி, திரும்ப மாட்டி என்னை வீடு சேர்த்தாள்.

அன்று மாலை வீட்டில் சண்டை.

"பிளக்குல ஒரு குத்தமும் இல்ல," என்றார் அப்பா. "நீ பயந்து கால எடுத்திருப்ப."

"கால எடுத்தா வண்டி நிக்கும்ணே. பிளக்குல எப்பிடிக் கரி பிடிக்கும்? இந்தா, நீயே பாரு."

"ரேஸ் வண்டிக்குப் போடுற பிளக்கு அது!"

"நம்ம வண்டி ரேஸா ஓடுது? லீக்ஸ் ஏத்திக்கிட்டு ரெண்டாவது கியர்ல நடக்குது."

அம்மா என் உதட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். "புள்ள வாய் கிழிஞ்சு ஒக்காந்திருக்கு. நீங்க ரெண்டு பேரும் நல்லா பிளக்கப் பேசுங்க," என்றாள்.

அப்பா எழுந்து போய்விட்டார். போகும்போது, "நீதானே ஓட்டுற, நீயே பாத்துக்க," என்றார். கோபமாகத்தான் சொன்னார். அத்தை அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

பதுளை பஜாரில் வாகன உதிரிப்பாகம் விற்கிற கடை ஒன்று இருந்தது. அதன் முஸ்லிம் முதலாளியை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். புது றப்பர் வாசம். அத்தை கரி பிடித்த பிளக்குகளைப் பழைய பேப்பரில் மீன் பரப்புகிற மாதிரிப் பரப்பி வைத்தாள். நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இத யாரு மாட்டச் சொன்ன?"

"எங்கண்ணன்."

"சாமான் நல்ல சாமான்தான் தங்கச்சி. வேகமா, நாள் முழுக்க, சூட்டுல ஓடுற எஞ்சினுக்கு. அங்க சூட்ட உடனே கடத்தி வெளிய தள்ளிரும். நீங்க குளிருல, மெல்ல மெல்ல ஏறுறீங்க. இந்தப் பிளக் சூடாகவே மாட்டேங்குது. சூடாகாட்டி கரிய எப்பிடி எரிக்கும்?"

அவர் இன்னும் மூன்று பிளக்குகளை எடுத்து வரிசையாக நிறுத்தினார். நுனியில் இருந்த பீங்கான் மூக்கு ஒன்றைவிட ஒன்றில் நீளம். மூக்கு நீளமானால் பிளக் சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், குட்டையானால் சீக்கிரம் ஆறிவிடும் என்றார். மேலே போகப்போகக் காற்று மெலிசாகிவிடுவதையும், பெற்றோல் மட்டும் அதே அளவில் வந்து கரி அதிகமாவதையும் சொன்னார். எனக்கு அந்த மூக்குகளைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்போல் இருந்தது.

"நடுவால உள்ளத எடுங்க," என்றார் நானா.

அத்தையின் கை ஆக நீள மூக்குக்குப் போனது. "இதுதானே நல்லாச் சூடாகும்?"

"ஆகும். கூடவும் ஆகும். நீட்டு ஏத்தத்துல, வெயில்ல போனீங்கன்னா எஞ்சின் உள்ளுக்குத் தட்டும்."

"நான் ஹாலிஎலைக்கும் பதுளைக்குந்தானே நானா ஓடுறேன்."

சவுக்கு முடக்கில் பின்னால் உருண்டவளுக்கு அந்த நேரத்தில் சூடு எவ்வளவு இருந்தாலும் போதாது. நானா தோளைக் குலுக்கிக்கொண்டு பெட்டியை எடுத்தார். பித்தளைப் புனலைப் பற்றிக் கேட்டபோது, "அழகாத்தான் ஈக்கும். ஊட்டுல அதுல பூ போட்டு வைங்க," என்றார்.

அத்தைக்குப் பழைய ஏர் கிளீனரை அப்படியே மாட்டுவதிலும் திருப்தியில்லை. முந்தானை சுட்டது அவளுக்கு மறக்கவில்லை. பஜார் முனையில் வாளியும் கேத்தலும் செய்கிற தகரக் கடைக்குப் போனாள். எஞ்சினுக்கு முன்னால், ஹெட்லைட்டுக்குப் பின்பக்கமாக, மழைத்தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வாய் வைத்து, அங்கிருந்து குளிர்ந்த காற்றை ஏர் கிளீனருக்குக் கொண்டுபோக ஒரு குழாய் வேண்டும் என்று கையாலேயே காற்றில் வரைந்து காட்டினாள். தகரக் கடைக்காரர் வண்டியின் பொனட்டுக்குள் தலையை விட்டு அளந்து, இரண்டு மடிப்பு வைத்து அடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது கழுவித் துடைத்த ஏர் கிளீனர் வாசலில் இருந்தது. உள்ளே புது எண்ணெய்கூட ஊற்றியிருந்தது. கட்டிலுக்கடியிலிருந்து அதை எடுத்து வைத்தது யார் என்று அம்மாவும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. பையன்கள் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "தும்பிக்கை வச்சிருக்காடா!" என்று கத்தினார்கள். அன்றிலிருந்து அது யானை வண்டி.

"ஹோ" சத்தம் போய்விட்டது. பையன்களுக்கு ஏமாற்றம். ஆனால் வண்டி நொண்டவில்லை. வெறும் வண்டியாகச் சவுக்கு முடக்கில் ஏறி இறங்கிப் பார்த்தோம். சுகமாக ஏறியது.

அடுத்து நடந்ததை அம்மா கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அத்தை சொன்னாள்: "ஹல்துமுல்லைக்குப் போறேன். என் தையல் மெசின எடுத்துட்டு வரணும்."

"நாலு ஆம்பளைங்களக் கூட்டிட்டுப் போ," என்றாள் அம்மா.

"எதுக்கு? சண்டைக்கா போறேன்? புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

அந்தத் தோட்டத்து லயத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது வாசல்தோறும் தலைகள். அத்தையின் மாமியார் வெளியே வந்தார். பார்த்தார். திரும்பி உள்ளே போனார். அத்தையைக் கட்டியவர் நிலைப்படியில் நின்றார். அவர் அத்தையைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார்.

"யாரு ஓட்டிட்டு வந்தது?"

"நான்தான்."

அவர் உள்ளே போய், தையல் மெசினைத் தானே தூக்கி வந்து, பின்னால் ஏற்றி, சாக்கை மடித்து அடியில் வைத்துக் கயிறும் கட்டினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பெரியவர்கள் சொன்ன எந்தக் கதையும் அந்த முடிச்சோடு ஒத்துப்போகவில்லை. இருவரில் யார் கெட்டவர் என்று முடிவு கட்டத்தான் எல்லோரும் அவசரப்பட்டார்கள். இரண்டு பேருமே நல்லவர்களாக இருந்தும் சேர்ந்து வாழ முடியாமல் போகலாம் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

"வரட்டா?" என்றாள் அத்தை.

"பாத்துப் போ. ஏத்தம் நீளம்," என்றார் அவர்.

ஏற்றம் நீளம்தான். ஹல்துமுல்லையிலிருந்து பெரகலைக்கு ஏறுகிற அந்த ரோடு முடிவதே இல்லை. அன்றைக்கென்று நல்ல வெயில். பாதி ஏறியதும் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம். தகரப் பேணியில் ஆணிகளைப் போட்டு யாரோ குலுக்குவதுபோல. அத்தை உடனே வண்டியை ஓரங்கட்டினாள். ஆறும்வரை மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். கீழே கீழ்நாடு முழுவதும் புகை மூட்டமாகக் கிடந்தது. ஒரு பிளக்கைக் கழற்றினாள். நீள மூக்கு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நானா சொன்னாரு. நான்தான் கேக்கல," என்றாள். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினாள். திரும்பி வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. காரணம் புரியாமல் நானும் சிரித்தேன். பிறகு கியரைக் குறைத்து, பிள்ளைக்குப் பால் புகட்டுகிறவள் மாதிரி அக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

நானா நடுமூக்குப் பிளக்குகளைத் தயாராகவே எடுத்து வைத்திருந்தார். "வருவீங்கன்னு தெரியும்," என்றார்.

அவற்றை மாட்டி ஒரு வாரம் ஓட்டிய பிறகு அத்தை ஒன்றைக் கழற்றினாள். கரியும் இல்லை, வெளுப்பும் இல்லை. அளவாகப் பால் விட்ட தேத்தண்ணி நிறம். அதை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டை நுனியால் துடைத்தார்.

"நுனியில எடவெளி கொஞ்சம் கூட. தட்டிக் கொறைச்சு மாட்டு," என்றார். அவ்வளவுதான் சமாதானம். அன்றிரவு சாப்பிடும்போது இருவரும் பழையபடி பேசிக்கொண்டார்கள்.

மார்கழி வந்தது. நம் பக்கத்து மார்கழி மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரைத் தகரத்தில் ஓயாமல் கொட்டும், துணி காயாது, அடுப்புப் புகை வீட்டைவிட்டுப் போகாது. அந்த வருசம் எங்கள் மேல் டிவிசனிலிருந்து முதல்முறையாக ஒரு கூட்டம் பிள்ளைகள் சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்குத் தயாராகியிருந்தார்கள். அதுவரை எட்டாம் வகுப்போடு எல்லோரும் தேயிலை மலை வேலைக்குப் போய்விடுவார்கள். என் அக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. பரீட்சை நிலையம் பதுளையில். முதல் பாடமே கணக்கு.

பரீட்சையன்று விடியும்போது எங்கள் டிவிசன் பள்ளிக்கூடத்து மாஸ்டர் வாசலில் நின்றார். குடை தலைகீழாகத் திரும்பியிருந்தது.

"ஃபெக்டரி ரோடு மண்ணு சரிஞ்சு போயிருச்சு," என்றார். "பஸ்சும் வராது, லொறியும் வராது. ஆளு நடந்து போகவே ஏலாது போல."

அப்பா லொறியோடு கீழே மாட்டிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்தது ஒரே வழி. சவுக்கு முடக்கு ஏறி, முகட்டைத் தாண்டி, அடுத்த தோட்டத்துக்குள்ளால் இறங்கிப் பதுளைக்குப் போகலாம். பாரத்தோடு அந்த முடக்கில் யானை வண்டி இன்னும் ஏறிப் பார்க்கவில்லை. அதுவும் இப்படி ஒரு மழையில்.

அத்தை என் உதட்டைப் பார்த்தாள். தழும்பு இன்னும் சிவந்துதான் இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"புள்ளைகள வரச் சொல்லுங்க சார்," என்றாள்.

மாஸ்டர் முன்னால் ஏறினார். நான் நடுவில். வைப்பரின் மோட்டார் எப்போதோ செத்துவிட்டதால் அதில் கயிறு கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தோம். கண்ணாடி தெரிவதற்கு அதை இழுத்துக்கொண்டே இருப்பது என் வேலை. மற்றப் பிள்ளைகள் பின்னால் தார்ப்பாயின் கீழ். காலணிகளைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, சூத்திரங்களை மனப்பாடம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மழைச் சத்தத்துக்கு மேலே அது கோயில் பஜனைபோல் கேட்டது.

முடக்குக்குக் கொஞ்சம் முன்னால் மாஸ்டர் மெல்லச் சொன்னார்: "புள்ளைகள எறக்கி நடக்க விட்டா நல்லதில்லையா?"

"எறங்குனா நனைவாங்க சார். வெரல் வெறைச்சுப் போச்சுன்னா எப்பிடி எழுதுவாங்க?" என்றாள் அத்தை. "வண்டி ஏறும்."

முதல் கியரைப் போட்டாள். செருப்பை உதறிவிட்டு வெறுங்காலை அக்ஸிலேட்டரில் வைத்தாள். பின்னால் பஜனை நின்றுவிட்டது. நான் கயிற்றை இழுத்தேன், விட்டேன், இழுத்தேன். கண்ணாடியில் சவுக்கு மரங்கள் தெரிந்தன, மறைந்தன. முன்பு மேகம் தெரிந்த பக்கம் நான் பார்க்கவே இல்லை. காதை மட்டும் எஞ்சினில் வைத்திருந்தேன். ஒரு தட்டுக்கூட விடவில்லை. உறுமலும் இல்லை. ஒரே சீராக, மூச்சிரைக்காமல், பாரம் தூக்கிப் பழகியவர் நடப்பதுபோல் அது ஏறிக்கொண்டிருந்தது.

வளைவின் நடுவில் பின் சக்கரம் சேற்றில் வழுக்கியது. வண்டி பள்ளத்துப் பக்கம் ஒரு முழம் நகர்ந்தது. மாஸ்டர் "முருகா!" என்றார்.

"எல்லாரும் பின்னுக்குப் போங்க! பின் கதவோட ஒட்டி நில்லுங்க!" அத்தை தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

தார்ப்பாய்க்குள் தடதடவென்று சத்தம். எல்லாப் பாரமும் பின் சக்கரத்துக்கு மேலே போனது. சக்கரம் சுழன்றது, சுழன்றது, கல்லைப் பிடித்தது. அத்தை காலை எடுக்கவில்லை. எஞ்சின் நின்றிருந்தால் நாங்கள் எல்லோரும் அந்தப் பள்ளத்துக்குள்தான். அது நிற்கவில்லை. வண்டி ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு நேரானது. சவுக்கு மரங்கள் முடிந்தன. முகட்டுக் காற்று முகத்தில் அடித்தது.

யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து என் அக்காவின் குரல்தான் முதலில் வந்தது. விட்ட இடத்திலிருந்து சூத்திரத்தைத் தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பதுளையில் மணி அடிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் காலணி மாட்டிக்கொண்டு, ஒருவர் தலையை ஒருவர் வாரிவிட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருவர் விரலும் விறைத்திருக்கவில்லை.

பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது அப்பா வந்தார். சரிவைச் சுற்றி, தேயிலைக்குள்ளால் இறங்கி, ஹாலிஎலையில் பஸ் பிடித்து வந்திருக்கிறார். இடுப்புவரை சேறு. பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள், அதைச் சொல்லி ஏதாவது கெஞ்சிப் பார்க்கலாம் என்றுதான் வந்தாராம். பாடசாலை மதிலோரம் நின்ற வண்டியைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது. கிட்டே வந்து பொனட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"எத்தனாவது கியர்ல ஏறுன?"

"மொதல் கியர்தாண்ணே. கடைசிமட்டும்."

"கிளச் வாசம் வந்துச்சா?"

"வரல."

அப்பா தலையாட்டினார். அவர் கண் கலங்கியதை மழை என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்போது மழை விட்டிருந்தது. திரும்பிப் போகும்போது மாஸ்டர் எழுந்து முன்சீற்றை அவருக்குக் கொடுத்தார். அப்பா மறுத்துவிட்டார். பின்னால் ஏறிப் பிள்ளைகளோடு பின் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் பாஸாகவில்லை. பாஸானவர்களில் என் அக்கா ஆசிரியையானாள். இன்னொருத்தி பதுளை ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றாள். பாஸாகாத ஒருவர் எல்ல என்கிற ஊரில் இன்று வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டு எல்லோரையும்விட வசதியாக இருக்கிறார். முக்கியமான விசயம், அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் மேல் டிவிசனிலிருந்து பிள்ளைகள் பரீட்சைக்குப் போனார்கள். அத்தை முழங்கால் மடங்காமல் போகும்வரை வண்டி ஓட்டினாள். பச்சை வண்டிக்குப் பிறகு ஒரு நீல டீசல் வண்டி, அதற்குப் பிறகு ஒரு வேன். பிக்கப்பை வாங்கிப் போனவர் தகரக் குழாயைக் கழற்றி எங்கேயோ எறிந்துவிட்டார் என்று கேள்வி. என் பொம்மைப் பிளக்குகள் அந்தப் பொந்திலேயே போய்விட்டன.

ஆனால் அந்தப் பரீட்சை நாள் பின்னேரத்தைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன்.

முகட்டைத் தாண்டி இறங்கும்போது மேகம் விலகியிருந்தது. மலையில் பெண்கள் தலையில் சாக்கும் இடுப்பில் படங்குத் துணியுமாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் வண்டியில் இருந்த பிள்ளைகளின் அம்மாக்கள். காலையில் பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே தேயிலை நிரையில் நின்றவர்கள். வண்டியைக் கண்டதும் எல்லாக் கைகளும் கொழுந்தில் நின்றுவிட்டன.

"எழுதிட்டோம்!" என்று பின்னால் ஒரு பையன் கத்தினான். "எழுதிட்டோம்! எழுதிட்டோம்!" எல்லோரும் கத்தினார்கள். அப்பாவின் குரலும் அதில் இருந்தது.

மேல் நிரையில் ஒருத்தி குலவை போட்டாள். அடுத்த நிரை அதை எடுத்துக்கொண்டது. பிறகு மலை முழுவதும்.

ரோடு நேராகக் கிடந்தது. முன்னால் வண்டியில்லை, மாடில்லை, குறுக்கே போக ஒரு கோழிகூட இல்லை. அத்தை கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு ஹோர்னில் கையை வைத்தாள். லயத்து வாசல் வரும்வரை எடுக்கவே இல்லை.